ஒரு ஸ்டாப் கூடுதல்

மேகலாவை யாரென்று தெரியாது என்று முதலில் சொன்னது, தெருக்கோடியில் இருந்த நூலகத்தின் கதவுதான்.

ஒரு சனிக்கிழமை காலை எப்போதும்போல அதன் முன்னால் போய் நின்றாள். கதவுக்கு மேலிருந்த சின்ன வில்லை அவளைப் பார்த்தது. கொஞ்சம் யோசித்தது. "மன்னிக்கவும், தங்கள் முகம் பதிவோடு பொருந்தவில்லை" என்று செய்தி வாசிக்கிறவர் குரலில் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தது. மேகலா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் காட்டினாள். முடியை ஒதுக்கிக் காட்டினாள். கதவு பிடி கொடுக்கவில்லை. கடைசியில் பின்னால் வந்த கல்லூரிப் பெண்ணுக்குக் கதவு திறக்க, அவளோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போய்ப் புத்தகம் எடுத்து வந்தாள்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொல்லிச் சிரித்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து போற லைப்ரரி. அந்தக் கதவு என்னைய யாருன்னு கேக்குது."

"லென்ஸ்ல தூசி இருக்கும்" என்றான் சுதாகரன், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அப்போது திரையில் இருந்ததும் மேகலாதான். முந்தின நாள் மாடியில் எடுத்த படம். அதில் அவள் முகத்துக்கு வெளிச்சம் ஏற்றிக்கொண்டிருந்தான்.

அந்தக் காலத்துத் திருச்சியில் சாவி, சீட்டு, அட்டை எல்லாம் வழக்கொழிந்துவிட்டன. பேருந்து, வங்கி, ரேஷன் கடை, மருத்துவமனை எதுவானாலும் முகம்தான். முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும். திறக்காமல் போகும் என்று யாரும் யோசிப்பதில்லை, சொந்த முகத்தை எவனும் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வருவதில்லையே.

சுதாகரன் ஊருக்கு வெளியே ஒரு கொதிகலன் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். பற்றவைத்த இரும்புக் குழாய்களை எக்ஸ்ரே எடுத்து, முடி அளவுக்கு விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்துச் சிவப்பு வட்டம் போடுவது அவன் வேலை. பகலெல்லாம் குறை தேடுகிறவனுக்கு மாலையிலாவது குறையே இல்லாத ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கேமரா வாங்கினான். வாங்கிய கையோடு காவேரிக் கரை ஒளிப்படக் கழகத்திலும் சேர்ந்தான்.

கழகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிறு விடியலில் பத்துப் பதினைந்து பேர் முக்கொம்புக்குப் போவார்கள். எல்லாரும் அதே தண்ணீரை, அதே படகை, அதே கொக்கை எடுப்பார்கள். பிறகு வடை தின்றபடி யாருடைய கொக்கு வெளிச்சம் கூடி ஓவர், யாருடைய கொக்கு வெளிச்சம் குறைந்து அண்டர் என்று சண்டை போடுவார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. படத்தை எடிட் செய்து முடித்ததும் அதன் ரா கோப்பை, அதாவது கேமரா பார்த்தது பார்த்தபடி பதிந்து வைத்ததை, எல்லார் முன்னாலும் அழித்துவிட வேண்டும். "சமைச்சு முடிச்சப்புறமும் பச்சையா ஒண்ணை ஒளிச்சு வெச்சிருக்கிறவனுக்குத் தன் கை மேலயே நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம்" என்பார் கழகத் தலைவர் ரெங்கராஜன். அவர் ஸ்ரீரங்கத்தில் பல் மருத்துவர். பிடுங்கினால் திரும்ப வைக்க முடியாது என்பதில் அவருக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. அழிக்கும்போது எல்லாரும் கைதட்டுவார்கள்.

கொக்கு சலித்தபோது சுதாகரன் மேகலாவை எடுக்கத் தொடங்கினான். அவள் அண்ணா விளையாட்டரங்கில் நீச்சல் பயிற்சியாளர். பிறவியிலேயே கறுப்பு. அதன் மேல் இத்தனை வருட வெயிலும் குளோரின் தண்ணீரும் சேர்ந்து அழுத்தமான நிறம். சிறு வயதில் குளத்தின் விளிம்பில் இடித்துக்கொண்டதில் மோவாயில் ஒரு தழும்பு. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி. இவை எல்லாவற்றோடும்தான் சுதாகரன் அவளைப் பார்த்தான், பிடித்துப்போய், இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டான். ஆனால் கழகப் போட்டிக்கு அவள் படத்தை அனுப்பியபோது, "முகம் அண்டர்" என்று இரண்டே வார்த்தையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்று அவள் முகத்துக்கு ஒரு ஸ்டாப் ஏற்றினான். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. நிறம் தெளிந்தது. தெளிந்ததும் தழும்பு உறுத்தியது, அதை எடுத்தான். பல் இடைவெளி உறுத்தியது, அதையும் மூடினான். முதல் பரிசு கிடைத்தது. அந்த மாற்றங்களை எல்லாம் சேர்த்து ஒரே பொத்தானில் வைத்து, அதற்கு 'மேகலா' என்று பெயரும் வைத்தான். பதினைந்து வருடமாக அவளுடைய ஒவ்வொரு படத்தின் மேலும் அந்தப் பொத்தான் விழுந்தது. மகள் மிதுலா கைபேசியில் எடுப்பவையும் அப்பா கை வைத்த பிறகுதான் குடும்ப ஆல்பத்தில் ஏறும்.

பரிசு வாங்கிய படத்தை அவளிடம் காட்டியபோது மேகலா சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டாள். சுதாகரன் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு சிரித்தான்.

நூலகத்துக்கு அடுத்தபடியாகப் பேருந்து அவளை ஏற்ற மறுத்தது. அப்புறம் ரேஷன் கடை. இதையெல்லாம் அவர்கள் கைதட்டிச் சிரித்தே கடந்துவிட்டார்கள். சிரிப்பு நின்றது மருத்துவமனை வாசலில்.

மிதுலா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அவள் கணவன் பிரணவ் சரக்குக் கப்பலில் பொறியாளர், ஏதோ ஒரு கடலில் இருந்தான். தஞ்சாவூர் சாலையில் இருந்த பெரிய மருத்துவமனையில் பதிவு செய்திருந்தார்கள். பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரே ஒரு பெண்ணுக்கு அனுமதி. மேகலாவின் பெயரைக் கொடுத்திருந்தாள். முன்பொரு காலத்தில் பச்சைக் குழந்தைகளைத் திருடிக்கொண்டு போனதால் அங்கே ஒவ்வொரு கதவும் முகம் பார்த்துத்தான் திறக்கும். பரிசோதனைக்குப் போன அன்று வாசல் கதவு மிதுலாவை உள்ளே விட்டது, சுதாகரனை விட்டது, மேகலாவுக்கு மூடிக்கொண்டது.

"அம்மா வரலையா?" என்று உள்ளிருந்து வயிற்றைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள் மிதுலா.

"இந்தா வந்துர்றேன்டி, நீ போ" என்றாள் மேகலா வெளியிலிருந்து. வர முடியவில்லை. ஒரு மணி நேரம் வாசலிலேயே நின்றாள். அன்றைக்குத்தான் அவளுக்குப் பயம் வந்தது.

முகப்பதிவு மையத்தில் இருந்த அதிகாரியின் பெயர் ஹசீனா. சின்ன வயது. அலுத்துக்கொள்ளாமல் கேட்டுவிட்டு மேகலாவைக் கேமராவின் முன் உட்கார வைத்து ஒரு படம் எடுத்தாள். பிறகு திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். இடது பக்கம் பதிவில் இருக்கும் மேகலா. வலது பக்கம் நாற்காலியில் இருக்கும் மேகலா.

"ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா இருக்கலாம்னு சொல்லுது மெஷின். ஒரே ஆளுன்னு சொல்ல மாட்டேங்குது" என்றாள். "உங்கள யாரும்மா படம் எடுப்பாங்க?"

"இவருதான். வேற யாரையும் எடுக்க விட்டாத்தானே."

"அதான் விஷயம். முன்னல்லாம் முகாம் போட்டு முகத்தைப் பதிஞ்சோம். மூஞ்சி வருஷத்துக்கு வருஷம் மாறுதே, எத்தனை முகாம் போடுறது? அதனால இந்த வருஷத்துலேருந்து குடும்ப ஆல்பத்தையே இணைச்சுக்கச் சொல்லிட்டாங்க. வீட்டுல எடுக்குற படத்தைப் பார்த்து, உங்களுக்கு எப்படி வயசாகுதுன்னு மெஷினே கத்துக்கும். மங்கலான படத்தை ஒதுக்கிரும். நல்லா எடுத்த படத்துக்குத்தான் மதிப்பு. சார் கழகத்துல சான்று வாங்கினவரு வேற. அவரு கையால வர்ற ஒரு படம், மத்தவங்க எடுக்குற பத்துக்குச் சமம்."

அந்தச் சான்றைச் சுதாகரன் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தான். "கைரேகை வெச்சுப் பார்க்க முடியாதா?" என்று கேட்டான்.

"அதைக் காப்பி பண்ணி ஊர் சொத்தையெல்லாம் எழுதி வாங்குனாங்கன்னு நிறுத்தி ரொம்ப காலமாச்சு சார். ரா கோப்பு இருந்தா குடுங்க, இப்பவே சரி பண்ணிரலாம்."

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"முடிச்சதும் அழிச்சிருவோம். கழகத்துல அப்படி ஒரு வழக்கம்."

ஹசீனா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்ப இன்னிக்கே அம்மாவை ஒரு நாப்பது படம் எடுத்து அனுப்புங்க. கை வைக்காதீங்க. எடுத்தது எடுத்தபடி. ஒரு வாரத்துல கத்துக்கும். அதுவரைக்கும்…" என்று தயங்கினாள். "படத்துல இருக்கிற மாதிரியே முகத்துல வெளிச்சம் விழுந்தா கதவு திறந்தாலும் திறக்கும். நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க."

அன்று சாயங்காலம் மாடியில் வைத்து அவளை எடுத்தான். மேகலா குளத்திலிருந்து வந்த ஈரத் தலையோடு, பொட்டுக்கூட இல்லாமல் நின்றாள். பக்கவாட்டு வெயில். தழும்பு மோவாயில் சின்னதாக ஒரு நிழல் போட்டது. கண்ணுக்குக் கீழே இரண்டு வரி. அவளுக்கு வயதாகியிருந்தது. அது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்படியே அனுப்பத்தான் உட்கார்ந்தான். முதல் படத்தில் கன்னம் ரொம்ப இருட்டாகத் தெரிந்தது. கெட்ட எக்ஸ்போஷர், அது கேமராவின் குற்றம், முகத்தின் குற்றம் இல்லையே என்று தோன்றியது. லேசாக ஏற்றினான். ஒன்றை ஏற்றிவிட்டு மற்றவற்றை விட்டால் நன்றாக இருக்காது. நாற்பதையும் லேசாக ஏற்றினான். ஏற்றிய பிறகு அந்த இரண்டு வரிகளும் அனாவசியமாக எடுப்பாகத் தெரிந்தன, அவற்றை மட்டும் கொஞ்சம் மழுக்கினான். தழும்பில் கை வைக்கவே இல்லை. அதில் அவனுக்குப் பெருமை. அனுப்பிவிட்டு, பழக்கதோஷத்தில் ரா கோப்புகளையும் அழித்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு சாப்பிடப் போனான்.

அதற்கடுத்த பரிசோதனை நாட்களில் மருத்துவமனை வாசலில் ஒரு கூத்து நடந்தது. மேகலா முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு நிற்பாள். சுதாகரன் மடக்கு வெள்ளைத் தகட்டைப் படாரென்று விரித்து, சூரியனைப் பிடித்து அவள் முகத்தில் திருப்புவான். நேர் எதிரே விழுகிற மெத்தென்ற வெளிச்சத்தில் தழும்பும் வரியும் நிழல் போடாது. படமெடுக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பழைய தந்திரம்.

"சார், இன்னும் கொஞ்சம் வலது பக்கம்" என்று உதவுவார் வாசல் காவலர் அந்தோணிசாமி. சினிமா ஷூட்டிங்கா என்று ஒரு பாட்டியம்மா விசாரித்தார். கதவு யோசித்து, "வணக்கம், மேகலா அவர்களே" என்று திறந்தது.

"என்னைய இல்ல, உங்க படத்தைத்தான் அது உள்ள விடுது. அது கூடவே நானும் போய்க்கிறேன்" என்றாள் மேகலா. சொல்லும்போது சிரிக்கவில்லை.

ஒரு வாரம் போயிற்று. இன்னொரு வாரமும் போயிற்று. நூலகக் கதவு அவளை இன்னும் யாரோ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. "மெதுவாக் கத்துக்குது போல" என்றான் சுதாகரன். அவன் அதை நம்பினான். லேசாகச் செய்ததைச் செய்ததாகவே கணக்கில் வைத்துக்கொள்ளாத பழக்கம் அவனுக்கு.

வலி எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல வெயில் நேரத்தில். வாசலில் தகடு வேலை செய்தது. மிதுலாவைச் சக்கர நாற்காலியில் வைத்து மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நர்ஸ் மேகலாவை நிறுத்தினாள்.

"முகத்தை நல்லாக் கழுவிட்டு வாங்கம்மா. பவுடர், மை எதுவும் கூடாது. தொப்பி போட்டுக்கங்க. சார், நீங்க அந்த மஞ்சக் கோட்டைத் தாண்டக் கூடாது."

மேகலா முகம் கழுவிவிட்டுப் பிரசவ அறைக் கதவின் முன்னால் போய் நின்றாள். தலைக்கு மேலே ஒரே ஒரு வெள்ளை விளக்கு. அது கண்குழியிலும் மூக்குக்கடியிலும் நிழலைக் கொட்டியது. மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து சுதாகரன் தகட்டை எவ்வளவு தூக்கிப் பிடித்தும் வெளிச்சம் அவளை எட்டவில்லை.

"மன்னிக்கவும், தங்கள் முகம் பதிவோடு பொருந்தவில்லை."

உள்ளே மிதுலா "அம்மா" என்று கூப்பிட்டாள். முதலில் சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள்.

"கையால திறந்து விடுங்களேன்" என்று கெஞ்சினாள் மேகலா. "அவ குரல் கேக்குதுல்ல? நான்தான் அவ அம்மான்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்மா. ரெண்டு வாரமாப் பார்க்குறேனே. ஆனா இந்தக் கதவை நாங்க திறக்க முடியாது, திறக்குற மாதிரி வைக்கவும் இல்ல. உள்ள டாக்டர் இருக்காங்க, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் தன் முகத்தைக் காட்டி உள்ளே போனாள். கதவு திறந்த ஒரு நொடியில் மிதுலாவின் குரல் பெரிதாகக் கேட்டது. மூடியதும் சின்னதாயிற்று.

மேகலா திரும்பி மஞ்சள் கோடுவரை வந்தாள்.

"நிஜமாச் சொல்லுங்க. அன்னிக்கு மாடியில எடுத்ததைக் கை வைக்காமத்தான் அனுப்புனீங்களா?"

சுதாகரன் தகட்டைக் கீழே இறக்கினான். "லேசாத்தான்" என்றான்.

அவள் கத்தவில்லை. "லேசா" என்று ஒரு தடவை தானும் சொல்லிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "முதல் முதல்ல ஒரு படத்தைக் காட்டுனீங்களே, இது யாருன்னு கேட்டேன், ஞாபகம் இருக்கா? எனக்கு நிஜமாவே தெரியாமத்தான் கேட்டேன். நீங்க சிரிச்சீங்க."

"உன்னை நல்லாக் காட்டணும்னுதான் மேகலா…"

"யாருக்கு?"

கழகத்துக்கு என்று சொல்லலாம். ஊருக்கு என்று சொல்லலாம். தனக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

"உங்க ஃபேக்டரியில எக்ஸ்ரேல விரிசல் தெரிஞ்சா, அதை அழிச்சிட்டு குழாய் நல்லாருக்குன்னு கையெழுத்துப் போடுவீங்களா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"வெடிச்சிரும்."

"அப்ப இரும்புக்கு மட்டும் உள்ளது உள்ளபடி வேணும்" என்றாள் மேகலா.

உள்ளே மிதுலா மறுபடியும் கூப்பிட்டாள். இந்தத் தடவை அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. சுதாகரன் கைபேசியில் ஹசீனாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னான். லேசாகச் செய்ததையும் சேர்த்துச் சொன்னான்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "இப்பவே எடுத்து அப்படியே அனுப்புங்க சார். நான் வரிசையில முன்னாடி தள்ளிவிடுறேன். ஆனா பழசு அவ்வளவு கிடக்கே, அதையெல்லாம் மீறி இதைக் கத்துக்கணும்."

"பழசை எடுத்துட்டா?"

"சீக்கிரம் ஆகும். ஆனா எடுத்துட்டா திரும்ப வராது. எந்த ஆல்பத்துலயும் இருக்காது."

"பரவால்ல."

ஆல்பத்தைத் திறந்தான். பதினைந்து வருடத்து மேகலா. முக்கொம்பில், மாடியில், மிதுலாவின் கல்யாணத்தில், முதல் பரிசில். எல்லாப் படத்திலும் ஒரே வயது, ஒரே வெளுப்பு. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தான். யாரும் கைதட்டவில்லை. அடுத்த சில நிமிடங்களுக்கு மேகலா என்று ஒருத்தி அரசாங்கப் பதிவிலேயே இல்லை.

பிறகு கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தான். கேமராவில் முகத்தைத் தேடிப் பிடிக்கும் சின்னக் கட்டம் ஒன்று உண்டு. பதினைந்து வருடமாக அது மேகலாவைக் கண்ட மாத்திரத்தில் பச்சையாகி, பக்கத்தில் அவள் பெயரைக் காட்டும். இன்றைக்கு, ஆல்பத்தில் அவள் இல்லாததால், அந்தக் கட்டம் அவள் முகத்தைச் சுற்றி இரண்டு முறை தடுமாறியது. அப்புறம் கேட்டது: புதிய நபரா?

சுதாகரனுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. தன் கேமராவுக்கே அவளைத் தெரியாதபடி செய்து வைத்திருக்கிறோம் என்பதை அந்தக் கேள்விதான் அவனுக்குச் சொன்னது. ஆம் என்று அழுத்தினான். பெயர் என்று கேட்டது. மேகலா என்று அடித்தான். உறவு என்று கேட்டது. மனைவி.

"திரும்பணுமா?" என்றாள் அவள்.

"வேணாம். அப்படியே நில்லு."

எடுத்தான். தலைக்கு மேல் விளக்கு, குழி விழுந்த கண், தழும்பு, அழுது வீங்கிய மூக்கு. கழகத்தில் காட்டினால் வடையை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். விரல் பழக்கத்தில் 'மேகலா' பொத்தானை நோக்கிப் போயிற்று. விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். எடுத்தது எடுத்தபடி ஒவ்வொன்றாக அனுப்பினான். மேகலா கதவுக்குப் போய் நின்றாள். பொருந்தவில்லை என்றது கதவு. திரும்பவும் நின்றாள். இல்லை. உள்ளே மிதுலா கூப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கத்த ஆரம்பித்திருந்தாள். மேகலா கதவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு, "இங்கதான்டி இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தக் கதவு சத்தம் புகாதபடி செய்யப்பட்டது. உள்ளிருந்து கத்தினால் கொஞ்சம் வெளியே கேட்கும். வெளியிலிருந்து பேசினால் உள்ளே கேட்காது.

பிறகு ஒரு குழந்தை அழுதது.

அதற்கப்புறம் சற்று நேரம் கழித்துத்தான், "வணக்கம், மேகலா அவர்களே" என்று கதவு திறந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

பெண் குழந்தை. நல்ல எடை. அப்படியே மேகலாவின் நிறம், மேகலாவின் மூக்கு. மிதுலா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா வரல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "வாசல்லதான்டி நின்னேன்" என்றாள் மேகலா. அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, சுதாகரனும் சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் மேகலா அவனோடு தேவைக்குத்தான் பேசினாள். காபி வாங்கி வரச் சொன்னாள், துண்டு எடுத்து வரச் சொன்னாள். அவன் எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்தான். கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலை வீட்டுக்குக் கிளம்பினார்கள். வெளியே போகும் கதவு தாயையும் பிள்ளையையும் சேர்த்துப் பார்த்துத்தான் திறக்கும். குழந்தை மாறிப்போகக் கூடாது என்று வைத்த ஏற்பாடு. மிதுலாவைப் பார்த்து அவள் பெயரைச் சொன்னது. மேகலாவின் கையில் இருந்த குழந்தையைப் பார்த்தது. யோசித்தது.

"மன்னிக்கவும், குழந்தையின் முகம் பதிவோடு பொருந்தவில்லை."

மிதுலா வெடுக்கென்று திரும்பினாள். "அப்பா, நீங்க ஏதாச்சும் பண்ணீங்களா?"

"சத்தியமா நான் தொடலம்மா. ஒரு படம்கூட எடுக்கல."

அந்தோணிசாமி தன் திரையைப் பார்த்துவிட்டு, "சார் இல்லம்மா. இது ஆஸ்பத்திரி எடுக்குற படம்" என்றார். "தொட்டிலுக்கு மேல ஒரு கேமரா இருக்குல்ல, பொறந்ததும் தானா ஒண்ணு எடுத்துப் பதிவுக்கு அனுப்பிரும். உங்களுக்கும் வந்திருக்குமே, அன்பளிப்பு. எல்லாப் பாப்பாவும் பளிச்சுன்னு வர்ற மாதிரி வெச்சிருக்காங்க. பெத்தவங்களுக்கும் சந்தோஷம்தானே. தினம் ரெண்டு மூணு கேஸ் இப்படி ஆகுது."

சுதாகரன் எட்டிப் பார்த்தான். திரையில் ரோஜா நிறத்தில் ஏதோ ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரேயில் விரிசலைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு அதை அளக்க நேரமாகவில்லை.

"ஒரு ஸ்டாப்" என்றான். "சரியா ஒரு ஸ்டாப் ஏத்தியிருக்காங்க."

"உங்களுக்கென்ன சார் கவலை, உங்ககிட்டதான் அந்த வெள்ளைத் தகடு இருக்கே" என்றார் அந்தோணிசாமி நல்ல மனதோடு. "பாப்பா மூஞ்சிக்கு நேரா ஒரு நிமிஷம் பிடிங்க. திறந்துரும்."

சுதாகரன் பையைத் திறந்தான். தகடு பாதி விரிந்தபோது மேகலா அதன் மேல் கையை வைத்தாள்.

"மடிங்க."

"பச்சைப்புள்ளைய வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம்மா நிப்பீங்க?" என்றார் அந்தோணிசாமி.

"நிக்கல. உக்காரப் போறோம்." கதவுக்கு எதிரே இருந்த பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்தாள். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்தாள். "என்னையக் கத்துக்க அதுக்கு ஒரு பிரசவ நேரம் ஆச்சு. இவளைக் கத்துக்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாப்போம்." பிறகு, மூன்று நாளில் முதல் தடவையாகச் சுதாகரனின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்: "எடுங்க."

அவன் கேமராவை எடுத்தான். கட்டம் குழந்தையின் முகத்தை ஒரே முறையில் பிடித்துக்கொண்டு, புதிய நபரா என்று கேட்டது. இந்தத் தடவை அது கேட்டதில் தப்பில்லை. ஆம். பெயர் இன்னும் வைக்கவில்லை, அதை வெறுமையாக விட்டான். உறவு, பேத்தி.

ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து வந்தது. முகம் அண்டர். அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. எடுத்தான், அப்படியே அனுப்பினான். கோப்பை அழிக்கவில்லை. மேகலாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் நகர்ந்துகொள்ளவில்லை.

உள்ளேயிருந்து இன்னொரு இளம் தாய், கைக்குழந்தையோடும் கணவனோடும் கதவுக்கு வந்தாள். கதவு பார்த்தது, யோசித்தது, மன்னிப்புக் கேட்டது. அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் சுற்றிலும் பார்த்தாள். அவள் தோளில் கிடந்த குழந்தையும் நல்ல கறுப்பு. அந்தோணிசாமி சுதாகரனின் பையைப் பார்த்தார். சுதாகரன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

மேகலா பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்கு இடம் விட்டாள்.